பாயிண்ட் நாலு டிகிரி டைரக்டர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஊக்கமூட்டுகிற மாதிரி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அப்படிப்பட்ட வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. இருப்பது, என் மேலதிகாரியை நான் மூன்று வாரம் முட்டாளாக்கி வைத்திருந்த கதை. அதையே எழுதுகிறேன். நிர்வாகத்தில் யாராவது முகம் சுளித்தால், இதை எழுதிய அம்மாவுக்குப் பென்ஷன் எப்போதோ கைக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். விண்வெளிக்குப் போகப்போகும் கருவி டயர் கடைக்கு மேலே தயாராகிறது என்று சொன்னால் என் சித்தப்பா நம்பவே மாட்டார். ஆனால் உண்மை. வெளிநாட்டுக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன செயற்கைக்கோளில் எங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூலையில் உட்காரப்போகும் வெப்பச் சென்சாரை நாங்கள் செய்தோம். வானத்திலிருந்து கீழே பார்த்து, கடல் எத்தனை டிகிரி, காடு எங்கே எரிகிறது என்று சொல்ல வேண்டியது அதன் வேலை.

நாங்கள் என்றால், முக்கியமாக மூன்று பேர். நான், பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, சென்சாரைச் சரிபார்க்கும் பொறியாளர். முனியாண்டி அண்ணே, கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வரும் டெக்னீஷன். ஏர்கோன் ரிப்பேரில் தொடங்கியவர். அவர் கை வைத்து ஓடாத மெஷினை நான் பார்த்ததில்லை. மூன்றாவது, எங்கள் டைரக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், முப்பது வருட அரசாங்க வேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இங்கே வருவதற்கு முன் நாடு முழுக்க ரேடியோ கோபுரங்கள் நிறுத்தியவர். கோபுரமும் கோப்பும் அவருக்கு அத்துப்படி. எங்கள் சென்சார் பார்க்கும் அகச்சிவப்புதான் கொஞ்சம் தூரம். தலைமுடியை மட்டும் கருகருவென்று சாயம் பூசி, ஒரு முடிகூட இடம் மாறாமல் வாரியிருப்பார்.

சென்சாரை எப்படிச் சரிபார்ப்பது என்று உங்களுக்குப் பாடமே நடத்தியிருப்பார்கள். ஒரே வரியில் சொல்லி நகர்கிறேன். கறுப்புப் பெயின்ட் அடித்த தகடு ஒன்றை, சரியாக முப்பது டிகிரியில் வைத்திருப்போம். சென்சார் அதைப் பார்த்து முப்பது என்று சொல்ல வேண்டும். சொல்வதை ஒரு பேனா, ஓடும் காகிதத்தில் கோடாக இழுக்கும். கோடு நேராகப் போனால் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் கோடு நேராகப் போகவில்லை. மணிக்கணக்கில் சமர்த்தாக ஓடும். திடீரென்று பாயிண்ட் நாலு டிகிரி மேலே ஏறும். பத்து நிமிடம் அங்கேயே நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிவிடும். எங்களுக்கு அனுமதித்திருந்த பிழை பாயிண்ட் ஒன்று. ஆறு வாரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அப்போதும் ஏறினால், எங்கள் மூலையை வேறொரு நாட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருந்த நாடுகள் நிறைய.

நாங்கள் சந்தேகப்படாத பொருள் கிடையாது. ஏர்கோனைச் சந்தேகப்பட்டோம். மதிய மழையைச் சந்தேகப்பட்டோம். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டாரைச் சந்தேகப்பட்டு, அந்தச் சீனக் கடைக்காரரிடம் கெஞ்சி இரண்டு நாள் நிறுத்தி வைத்தோம். முனியாண்டி அண்ணே எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி சொருகினார்.

டைரக்டர் தினமும் வருவார். சத்தமில்லாமல் வந்து, சென்சாருக்குப் பின்னால் நின்று, அதன் தலைக்கு மேலே எட்டித் தகட்டைப் பார்ப்பார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் ஏறுதோ?"

"ஏறுது சார்."

"ஏன் ஏறுது?"

"தேடிக்கிட்டு இருக்கோம் சார்."

"எப்ப வந்தாலும் இதைத்தான் சொல்லுறீர்."

உண்மைதான். அவர் எப்போது வந்தாலும் பேனா மேலேதான் இருந்தது. அதை நாங்கள் எங்கள் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நன்றாக ஓடும்போது ஒரு தடவைகூட இந்த மனுஷன் வரமாட்டேன் என்கிறாரே என்று முனியாண்டி அண்ணே புலம்புவார். பேனா ஏற ஏற அவருக்குக் கவலை கூடியது. கவலை கூடக் கூட அடிக்கடி வந்தார். வர வர பேனா இன்னும் அதிகமாக ஏறியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு விஷயம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. மேலதிகாரி அறைக்குள் வந்தால் யார் அவரைப் பார்க்கிறார்கள்? எல்லாரும் குனிந்து மும்முரமாக வேலை செய்கிற மாதிரி எதையாவது திருகுவோம். அறையில் புதிதாக வந்த ஒரே பொருளை நாங்கள் பார்க்கவே இல்லை.

பிறகு அவர் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் லீவு போட்டார். ஐந்து நாளும் கோடு ரூலர் வைத்துப் போட்ட மாதிரி ஓடியது. சரியாகிவிட்டது என்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கேசரி வாங்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுத்தேன். திங்கட்கிழமை பத்தேகால் மணிக்குப் பேனா ஏறியது. அதே நேரத்தில் என் மூக்கில் ஓடிக்கொலோன் சென்ட் வாசம் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். டைரக்டர்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, சார் நின்ன இடத்துல நீங்க போய் நில்லுங்க."

"ஏன், என்னாச்சு?"

"சும்மா நில்லுங்கண்ணே."

நின்றார். பேனா ஏறியது. தள்ளிப் போகச் சொன்னேன். இறங்கியது. முனியாண்டி அண்ணே காகிதத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அடப்பாவி. நம்ம சூடா?"

நம் சூடுதான். தகடு கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்புக்கு அது கொஞ்சம் கண்ணாடி. குளிர்ந்த சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சூடான ஆள் வந்து நின்றால், அந்த ஆளின் சூடு தகட்டில் பட்டுத் திரும்பிச் சென்சாருக்குள் போகும். இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான், விமானத்திலிருந்து எடுத்த வெப்பப் படத்தைப் பார்த்துவிட்டு, கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்த ஏரி ஒன்று இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால், ஒரு கிடங்கின் புதுத் தகரக் கூரை. பளபளப்பான தகரம் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்திருக்கிறது. அவ்வளவு கேலி வாங்கியும் எனக்குப் புத்தி வரவில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள்.

எங்கள் டைரக்டரின் சுற்றறிக்கையில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதாகச் சபையில் எழுந்து சொன்ன ஒருவர், அதற்கடுத்த வாரம் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்ணின் சூட்டை அளக்க அனுப்பப்பட்டார். ஆறு மாதம். கொசுக்கடியோடு திரும்பி வந்தவரை அடையாளமே தெரியவில்லை. எழுத்துப்பிழைக்கு ஆறு மாதம் என்றால், "சார், பிழையே நீங்கதான்" என்பதற்கு எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"சொல்ல வேணாம், தங்கச்சி. அவரு உள்ள வராமப் பாத்துக்கிட்டாப் போதும்லா" என்றார் முனியாண்டி அண்ணே.

"எப்படி?"

அண்ணே தன் வழுக்கையைத் தடவினார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். "அவருக்கு உசுரு எதுல இருக்குன்னு ஊருக்கே தெரியும்."

அறிவிப்பை டைப் அடித்தது நான்தான். அண்ணேமேல் பழி போட மாட்டேன். ஆங்கிலத்திலும் மலாயிலும் அடித்தேன். 'ஆவாஸ்! அபாயம். அகச்சிவப்புக் கதிர் வீச்சுப் பகுதி. நீண்ட நேரம் நின்றால் முடி உதிர வாய்ப்புண்டு.' நம்பும்படி இருக்க வேண்டுமென்று கீழே ஒரு கோப்பு எண்ணும் போட்டேன். அண்ணே அதற்குச் சிவப்புச் சட்டம் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

டைரக்டர் மறுநாள் வந்தார். வாசலில் நின்று இரண்டு தரம் படித்தார். கோபுரம் கட்டியவர் அல்லவா. ஓடுகிற ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஆட்களை விரட்டியவர். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமே இல்லை. முனியாண்டி அண்ணேயின் தலையை ஒரு முறை பார்த்தார். பிறகு அறைக்குள் அவர் காலே வைக்கவில்லை. கோடு ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது.

நான் வெற்றி பெற்றேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கேன்டீன் ஆள் இரண்டு கிளாஸ் பசும்பாலோடு வந்து நின்றான்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மிஸ். டைரக்டர் சொன்னாரு. கதிர் வேலை பாக்கிறவங்களுக்குத் தினமும் கொடுக்கணுமாம்."

முனியாண்டி அண்ணேக்குப் பால் வாசனையே ஆகாது. டைரக்டர் வாசலில் நின்று, அண்ணே குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் எங்கள் இருவரையும் கிளினிக்குக்கு அனுப்பி இரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். டாக்டர், "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரும்பி வந்ததும் டைரக்டர் என்னிடம் மெல்லிய குரலில், "பிள்ளை, உமக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? தலை சீவேக்கை முடி கூடக் கொட்டுதோ?" என்று கேட்டார்.

பந்திங்குக்கு அனுப்புகிற மனுஷன் இப்படியும் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் பொய் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்கிற பொய்யைக் கலைக்க மனசு வராது. அது எனக்கு அன்று தெரிந்த விஷயம். "இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மூன்று பேர். அவர்களுக்குத் தலைவி நரைமுடி கத்தரித்த ஓர் அம்மாள், உயரம், அதிகம் பேசாதவர். டைரக்டர் அவர்களைக் கதவுவரை அழைத்து வந்தார். தான் வாசலிலேயே நின்றுகொண்டார். அவர்கள் மூவரும் நேரே உள்ளே போய், கேள்வியே இல்லாமல், சென்சாருக்குப் பின்னால் வரிசையாக நின்று தகட்டை எட்டிப் பார்த்தார்கள்.

உலகத்தில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அங்கேதான் போய் நிற்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பேனா ஏறியது. பாயிண்ட் நாலு. பாயிண்ட் ஐந்து. மூன்று பேர் சூடு. பாயிண்ட் ஆறைத் தொட்டு நின்றது.

அம்மாள் காகிதச் சுருளைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். "மூன்று வாரமாக நேர்கோடு. இப்போது ஏன் இப்படி?"

முனியாண்டி அண்ணே என் காதோரம், "கரண்டு ஏறி எறங்குதுன்னு சொல்லிடு தங்கச்சி" என்றார். நானும் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் வாசலிலிருந்து டைரக்டரின் குரல் அக்கறையாக வந்தது. ஆங்கிலத்தில்தான். "மேடம், தயவுசெய்து அங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம். முடிக்கு நல்லதில்லை."

அம்மாள் திரும்பினார். அப்போதுதான் சிவப்புச் சட்டம் கட்டிய அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"எனக்குப் புரியவில்லை. இந்தக் கருவி பார்க்க மட்டும்தானே செய்யும்? எதையும் வெளியே அனுப்பாதே. எந்தக் கதிர்?"

அவரோடு வந்த இளைஞர் சிரிப்பை அடக்க இருமினார். டைரக்டரின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் அறிவிப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது கைவசம் நல்ல பொய் ஒன்று தயாராக இருக்கும், எனக்கு இருந்தது. கரண்டு என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். மறுநாள் அதே மூவர் அதே இடத்தில் நின்றிருப்பார்கள். இவ்வளவு தெளிவாக நான் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். மேஜைமேல் அன்றைய பால் கிளாஸ் ஆடை படிந்து இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

டைரக்டரிடம் போய்த் தமிழில் சொன்னேன். வந்தவர்களுக்குப் புரியாமல் இருக்கட்டும், அந்த மானமாவது அவருக்கு மிஞ்சட்டும் என்று.

"சார், அந்த அறிவிப்பு பொய். நான்தான் டைப் அடிச்சேன். கதிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேனா ஏறினது உங்களாலதான் சார். நீங்க வந்து நிக்கிறப்ப உங்க உடம்புச் சூடு தகட்டுல பட்டுத் திரும்புது. சொல்லப் பயந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன்."

அவர் இப்போதுதான் திரும்பி அறிவிப்பைப் பார்த்தார். பிறகு, "இங்கிலிசிலை சொல்லும்" என்றார்.

"சார்?"

"அவையளுக்கும் விளங்க வேணும். சொல்லும்."

சொன்னேன். முடி உதிரும் கதையையும் சேர்த்துத்தான். பந்திங்கின் கொசுக்கள் என் காதில் ரீங்காரம் போட்டன.

டைரக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். மூவரையும் ஒதுங்கச் சொன்னார். சென்சாருக்குப் பின்னால், எப்போதும் நிற்கும் இடத்தில், எட்டிப் பார்த்தபடி நின்றார். பேனா பாயிண்ட் நாலுக்கு ஏறியது.

"வெளியே போங்கள்" என்றார் அம்மாள்.

போனார். இறங்கியது.

"மறுபடி."

வந்தார். ஏறியது. அந்த அம்மாள் அவரை ஐந்து தடவை நடக்கவிட்டார். காகிதத்தில் ஐந்து குன்றுகள், ஒரே உயரத்தில். ஒவ்வொன்றின் மேலும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது குன்றிலேயே டைரக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "இப்ப ஒரு அடி தள்ளி நிண்டு பாப்பம்" என்று அவரே இடம் மாற்றி நின்றார்.

ஆனால் அம்மாள் எங்களைச் சும்மா விடவில்லை. "காரணத்தை எழுதி வைக்காமல் எடுத்த மூன்று வார அளவுகளை நான் ஏற்க மாட்டேன்" என்றார். "வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறேன். அதற்குள் புதிதாக எடுத்துக் காட்டுங்கள்." இருபது நாள் உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் குப்பைக்குப் போனது. நியாயம்தான். காரணத்தை மறைத்தால் அளவும் கூடவே கெட்டுப்போகும் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானமே முனியாண்டி அண்ணே கிள்ளானுக்குப் பறந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் கறுப்பு வெல்வெட் எட்டு முழம் வாங்கி வந்தார். கல்யாண வீட்டு மேடைக்கா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். அலுமினியச் சட்டம் கட்டி, வெல்வெட்டை உள்பக்கம் ஒட்டி, தகட்டிலிருந்து சென்சார்வரை மூடுகிற மாதிரி ஒரு கூண்டு செய்தோம். உள்ளே நடப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது, வெளியே நிற்பவர் தகட்டுக்குத் தெரியமாட்டார். இரண்டு பகலும் ஓயாமல் அளந்தோம். வியாழக்கிழமை சோதனைக்கு அம்மாள் தன் ஆட்கள் இருவரோடு தானும் நின்றார், டைரக்டரையும் நிறுத்தினார், கேன்டீன் ஆளையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஐந்து பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கோடு அசையவில்லை. அவர் என் கையைக் குலுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மூலை எங்களுக்கே கிடைத்தது.

வெள்ளிக்கிழமை அவர்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த டைரக்டர், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இடமாற்ற உத்தரவு மேஜையில் இருக்கும் என்று நினைத்துப் போனேன். நான் எழுதிய இறுதி அறிக்கை மட்டும்தான் இருந்தது. பிழைகளின் பட்டியல் பக்கம் திறந்திருந்தது. மின்னழுத்தம், பெயின்ட், அறைச் சூடு என்று வரிசையாகக் காரணமும் அளவும் எழுதியிருந்தேன். கடைசி வரியில், 'பார்வையாளர்: 0.4'.

அவர் பேனாவை எடுத்து 'பார்வையாளர்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'டைரக்டர்' என்று எழுதினார்.

"ஆர் எண்டு தெரியாமல் எழுதினால் அது என்ன அறிக்கை?" என்றார். பிறகு, "உமக்கு இது எத்தினை நாளாத் தெரியும்?"

"மூணு வாரம் சார்."

"மூண்டு கிழமை." மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவ்வளவு நாளும் நான் வாசலிலை நிண்டு பாத்துப்போட்டுத் திரும்பிப் போனன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"தப்புதான் சார்."

"இனி என்னிலை ஒரு பிழை கண்டால் எப்ப சொல்லுவீர்?"

"அன்னிக்கே சொல்லிடுறேன் சார்."

"அண்டைக்கு இல்லை. அந்த நிமிசமே சொல்ல வேணும். விளங்குதோ?"

"விளங்குது சார்." நான் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டேன். "சார், உங்க சட்டையில பட்டன் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். மேலேயிருந்து மூன்றாவது பட்டன் நாலாவது ஓட்டையில் இருந்தது. ஒரு பக்கக் காலர் காதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"காலமையிலிருந்தோ?"

"ஆமா சார்."

"அவையளை ஏத்தி அனுப்பேக்கையும் இப்பிடித்தானோ?"

"ஆமா சார்."

பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டார். அறிக்கையில் கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினார்.